கை காட்டினால் வரும் நாய்

மலைமேல் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட இரண்டு அறை, ஒரு அடுப்படி, நட்டு வைத்த ஒரு வேல். அங்கே இருந்த சாமிக்கு ஊரார் வைத்த பெயர் மேட்டுச்சாமி. நாற்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார்.

அவரைத் தேடி லோகாம்பாள் ஏறி வந்தபோது அவளுக்கு அறுபது கடந்திருந்தது. கார்த்திகை தீபம் முடிந்திருந்த சமயம். மூச்சு வாங்க வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"நாம கூப்பிடறது யாருக்காவது கேக்குமா?"

சாமி திருப்பிக் கேட்டார்.

"கீழ என்ன வேலை பாத்தீங்க?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர். வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் குடுப்பேன். கல்யாணம், சாவு, பிள்ளைப் பேறு, எல்லாச் சேதியும் என் காதைத் தாண்டித்தான் போகும்."

"உங்களுக்கு யாரு கூப்பிடுவாங்க?"

லோகாம்பாள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"ரெண்டு தம்பிங்க. நான்தான் வளத்தேன். கல்யாணம்னு ஒண்ணு எனக்கு ஞாபகம் வர்றதுக்குள்ள வயசாயிருச்சு. ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருக்காங்க. முன்னால வாரா வாரம் கூப்பிட்டாங்க. அப்புறம் தீபாவளிக்கு மட்டும். இப்ப நானா கூப்பிட்டா, 'அக்கா, அப்புறம் பேசறேன்'னு வச்சிடறாங்க. அந்த அப்புறம் வரவே இல்ல. வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டேன் சாமி. பேச்சே வேண்டாம். இங்கயே இருந்துக்கறேன்."

அந்த மடத்தில் தங்குவதற்கு ஒரு முறை இருந்தது. மார்கழி பிறந்தது முதல் தைப்பூசம் வரை பகல் முழுவதும் மௌனம். பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பிறகுதான் வாய் திறக்கலாம். அப்போது குருவிடம் ஒரு கேள்வி கேட்கலாம். பூசத்தன்று குரு காவித்துணி கொடுப்பார். அதன்பின் ஆயுசுக்கும் அங்கே இடம் உண்டு. பகலில் ஒரு வார்த்தை பேசிவிட்டால் மறுநாள் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். சாமியின் குருவுக்குக் குரு ஏற்படுத்திய விதி அது. முந்தின வருஷம் ஒருவர் கஞ்சிச் சட்டியைத் தொட்டுவிட்டு "அய்யோ" என்றார். மறுநாள் காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். பாவம், விரல்கூட ஆறியிருக்காது.

லோகாம்பாள் பயப்படவில்லை.

"பேசிப் பேசிச் சலிச்சவ சாமி நான். வாயை மூடறது ஒரு கஷ்டமா?"

சாமி அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். சாம்பல் மேட்டில் ஒரு நாய் சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை.

"இதைப் பாத்துக்கங்க. குளிர் முடியற வரைக்கும் சும்மா படுக்க விடாதீங்க. ஓடணும். நாலு விஷயம் கத்துக்கணும். விளையாடணும். அதுதான் உங்களுக்குப் பூசை."

லோகாம்பாளின் முகம் விழுந்துவிட்டது. மந்திரம் கிடைக்கும் என்று மலையேறி வந்தவளுக்கு நாய் கிடைத்தால் வேறு எப்படி இருக்கும்?

"இது பேரு என்ன சாமி?"

"தெரியாது. வேலாண்டி வளத்த நாய். இங்க சமையல் பாத்தவரு. அவரு பேரு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. நாக்கை மடிச்சு ஒரு சத்தம் போடுவாரு, இது வந்துரும். எனக்கு அந்தச் சத்தம் வராது."

"அவரு எங்க?"

"புரட்டாசியில காய்ச்சல் வந்துச்சு. டோலி கட்டிக் கீழ தூக்கிட்டுப் போனாங்க. உசுரோட திரும்பலை."

*

மார்கழி பிறந்தது. காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல உறைபனி. தண்ணீர்த் தொட்டியின் மேல் மெல்லிய பனி ஏடு கட்டியிருக்கும். பக்கத்து மேட்டில் உருளைக்கிழங்குச் செடிகள் கருகிப் போயின. மடத்துக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். பால் கொண்டுவரும் குழந்தைவேலு மட்டும் வந்துகொண்டிருந்தார்.

நாய் சாம்பலை விட்டு அசையவில்லை. சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. எழுந்தால் அகப்பைக் காம்பைக் கடித்துத் துப்பியது, இல்லையென்றால் தன் முன்னங்காலையே நக்கிப் புண்ணாக்கியது. லோகாம்பாளும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

விளக்கேற்றியதும் கேட்டாள்.

"சாமி, அது எழுந்திரிக்கவே மாட்டேங்குது. என்ன செய்ய?"

"நீங்க எழுந்திரிச்சீங்களா?"

"எழுந்திரிச்சேனே."

"வெளிய போனீங்களா?"

"இல்ல. குளிரு."

"அதுக்கும் அதே குளிருதான்."

அன்றைய கேள்வி முடிந்துபோயிற்று. லோகாம்பாளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுநாள் வெயில் பட்டு உறைபனி உருகியதும் வாசலுக்குப் போய் நின்றாள். உள்ளே திரும்பிப் பார்த்தாள். நாயும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் பத்தடி நடந்ததும் அது சோம்பல் முறித்து எழுந்து பின்னால் வந்தது.

அதன்பின் தினமும் நடந்தார்கள். காலையில் வேலியோரமாக ஒரு நடை, மத்தியானம் காட்டுப் பாதையில் ஒரு நடை. மேகம் இறங்கி வெளியே போக முடியாத நாட்களில் அவள் சாக்குகளை மடித்து வரிசையாகப் போட்டு, ஏதாவது ஒரு சாக்குக்குள் கொப்பரைத் துண்டு ஒன்றை ஒளித்து வைத்தாள். நாய் மூக்கை நுழைத்து நுழைத்துத் தேடியது. கண்டுபிடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தது. பழைய கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். இவள் ஒரு நுனியை இழுக்க, அது மறு நுனியை இழுத்தது. பெரும்பாலும் நாய்தான் ஜெயித்தது. வெடித்திருந்த அதன் பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவினாள். முன்னங்கால் புண் ஆறியது.

இவ்வளவும் வாய் திறக்காமல் நடந்தது. சீழ்க்கை அடித்தால்கூட மௌனம் கலைந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அதனால் எல்லாவற்றுக்கும் கையைப் பழக்கினாள். கையை உயர்த்தினால் வர வேண்டும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் படுக்க வேண்டும். விரலை மடக்கினால் நிற்க வேண்டும். நாய் கெட்டிக்கார நாய். தை பிறப்பதற்குள் அத்தனையும் கற்றுக்கொண்டது.

பால் கொண்டுவந்த குழந்தைவேலு பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! ஆத்தா கையைத் தூக்குனா ஓடி வருது, தாழ்த்துனா படுக்குது. என் வீட்டுல நான் தொண்டை கிழியக் கத்துனாலும் ஒரு ஆளு திரும்பிப் பாக்கறதில்ல. ஆமா, பேரு என்ன வச்சிருக்கீங்க?"

லோகாம்பாள் இல்லை என்று தலையசைத்தாள்.

"பேரு வைக்காமயா இம்புட்டும் சொல்லிக் குடுத்தீங்க?"

அவள் பெருமையோடு சிரித்தாள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவளால் மாற்ற முடியவில்லை. மத்தியான நடையில் பாதை கீழே திரும்பும் பிள்ளையார் வளைவு வந்ததும் நாய் நின்றுவிடும். வேலாண்டியின் டோலி கண்ணுக்கு மறைந்த இடம் அது. நாய் காலை மடித்து உட்கார்ந்து கீழே பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும். காது மட்டும் அசையும். அந்தப் பார்வை லோகாம்பாளுக்குத் தெரிந்த பார்வைதான். வீட்டு மேஜைமேல் இருந்த போனை அவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கீழே பார்ப்பாள். போதும் என்று தோன்றும்போது கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு நடப்பாள். நாய் எழுந்து வரும்.

ஒரு நாள் விளக்கேற்றியதும் அவள் சொன்னாள்.

"இன்னைக்குக் கேள்வி ஒண்ணும் இல்ல சாமி. நாய் எல்லாம் கத்துக்கிருச்சு."

"எல்லாமா?"

"ஆமா. கையைக் காட்டினாப் போதும், எங்க இருந்தாலும் வந்துரும்."

சாமி விளக்குத் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டார். அறை இருண்டது.

"இப்பக் காட்டுங்கம்மா."

லோகாம்பாள் இருட்டில் கையை உயர்த்தினாள். மூலையில் நாய் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அது அசையவில்லை.

"இருட்டுல காட்டினா எந்த நாய்க்கு சாமி தெரியும்?"

சாமி தீக்குச்சியைத் தேடி எடுத்து மறுபடி விளக்கை ஏற்றினார். இந்த மனுஷருக்கு யாரையும் மெச்ச மனசு வராது என்று நினைத்துக்கொண்டே லோகாம்பாள் படுக்கப் போனாள்.

*

பூசம் நெருங்கிவிட்டது. காவித்துணியைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் லோகாம்பாளுக்கு ஒரு நிம்மதி. இனி யாரும் நம்மைக் காலி பண்ணச் சொல்ல முடியாது என்று நினைத்தாள்.

அன்று மத்தியானம் வளைவில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே எங்கோ ஆட்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. விறகுக்குப் போனவர்களாக இருக்கும். நாய் விருட்டென்று எழுந்தது. லோகாம்பாள் விரலை மடக்கிக் காட்டுவதற்குள் சரிவில் இறங்கி ஓடிவிட்டது.

அவள் பின்னால் இறங்கினாள். நாலடி வைப்பதற்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து மூடிக்கொண்டது. பாதை தெரியவில்லை. மரம் தெரியவில்லை. எங்கும் ஒரே வெள்ளை.

அந்தச் சரிவு போய் முடிவது மொட்டைப்பாறையில். பாறைக்கு அப்பால் ஒன்றும் கிடையாது. காட்டுமாடுகளே மேகம் இறங்கினால் அந்தப் பக்கம் போகாது.

லோகாம்பாள் கையை உயர்த்தினாள். தன் விரல்கள் அவளுக்கே தெரியவில்லை. அணைந்த விளக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. உயர்த்திய கையை இறக்கவும் தோன்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

கைகளைத் தட்டிப் பார்த்தாள். கம்பளிக் கையுறைக்குள் சத்தம் எழும்பவில்லை. உறையை உருவி எறிந்துவிட்டுத் தட்டினாள். கைதட்டல் பாறையில் பட்டு நாலு பக்கமும் சிதறியது. நாய்க்கு அது பழகாத சத்தம். கீழே கற்கள் உருண்டன. அதற்கும் கீழே ஒரு முனகல் கேட்டது.

பேச வேண்டும். பேசினால் கொடியில் காயும் துணி வேறு யாருக்கோ. வீடு கிடையாது. கீழே போனால் கதவைத் திறந்துவிட ஒரு ஆள் கிடையாது. வயசு அறுபதுக்கு மேல்.

மறுபடி முனகல் கேட்டது.

லோகாம்பாள் வாயைத் திறந்தாள். என்னவென்று கூப்பிடுவது? பேர் வைக்கவில்லை. வேலாண்டியின் சத்தம் தெரியாது. ஆயுசில் அவளுக்குக் கூப்பிடத் தெரிந்தது ஒரே விதம்தான்.

"ஹலோ!"

பகலில் தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

"ஹலோ... ஹலோ... கேக்குதா? லைன்ல இருங்க. வச்சிடாதீங்க. லைன்ல இருங்க."

நாயைப் போய் யாராவது இருங்க, வாங்க என்பார்களா? அவளுக்கு அதெல்லாம் ஓடவில்லை. மழையிலும் இடியிலும் கம்பி இரைகிற இரைச்சலைத் தாண்டி வெளியூருக்குக் கேட்க வேண்டும் என்று பழக்கிய தொண்டை அது. இத்தனை காலம் கழித்தும் அடைக்காமல் திறந்துகொண்டது.

"லைன்ல இருங்க. இந்தப் பக்கம் நான் இருக்கேன். லைன்ல இருங்க."

ஒரு குரைப்பு கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவள் விடாமல் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரைப்பு, இப்போது கிட்டத்தில். பிறகு கற்கள் சரிந்தன. ஈர மூக்கு ஒன்று அவள் முழங்காலில் இடித்தது.

லோகாம்பாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாயை மூடத்தான் நினைத்தாள், மூட முடியவில்லை.

"எங்க போன நீ? என்னை விட்டுட்டு எங்க போன? அவரு வரமாட்டாருடா. செத்துப் போயிட்டாரு. யாரும் உனக்குச் சொல்லலையா? எனக்கும் யாரும் எதுவும் சொல்லல. பெரிய தம்பி சேகரனுக்குப் பேத்தி பொறந்ததே அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். சின்னவன் நடராசன் நம்பரை மாத்திட்டான். பழைய நம்பருக்கு அடிச்சா யாரோ எடுப்பாங்க. ராங் நம்பர்ம்பாங்க. அந்த ஒரு வார்த்தைக்காக மறுபடி அடிப்பேன். உனக்குத் தெரியுமா, ராங் நம்பர்னு தெரிஞ்சே அடிப்பேன்."

மேகம் நகரவில்லை. நாய் நடுங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது. தம்பிகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது, ஒருவரும் கேட்காமல் போன தன் கல்யாணப் பேச்சு, எக்ஸ்சேஞ்சில் கடைசி நாள் கொடுத்த பூமாலை, எல்லாவற்றையும் அவள் சொன்னாள். தொண்டை வறண்ட பிறகுதான் நிறுத்தினாள். பிறகு அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். நாய்தான் வழி தெரிந்து அவளை மடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

*

மடம் திறந்து கிடந்தது. சாமி இல்லை. லோகாம்பாள் அடுப்பை மூட்டி நாயைத் துவட்டினாள். தன் சேலைகளை மடித்து மூட்டை கட்டினாள். கொடியில் இருந்த காவித்துணியை எடுத்து மடித்து வேலின் பக்கத்தில் வைத்தாள். பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றினாள்.

வெகு நேரம் கழித்துச் சாமி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. போர்வையெல்லாம் முள். முழங்கால் உரிந்து சேறு அப்பியிருந்தது. அடுப்பருகே உட்கார்ந்தார். நாய் எழுந்து போய் அவர் முழங்காலை நக்கியது.

லோகாம்பாளுக்கு நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"விளக்கேத்தியாச்சு. பேசலாமா சாமி?"

"பேசுங்கம்மா."

"பகல்லயே பேசிட்டேன்."

"ம்."

"ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை இல்ல. நிறைய."

"ம்."

"விடிஞ்சதும் இறங்கிடறேன். மூட்டை கட்டியாச்சு. இதுக்கு ரெண்டு வேளை நடை வேணும். மேகமா இருந்தா சாக்குக்குள்ள கொப்பரையை ஒளிச்சு வைங்க, அதுக்கு ரொம்பப் பிடிக்கும். பாதத்துக்கு எண்ணெய் போடாம விட்டா மறுபடி வெடிச்சிரும்."

"சரி. இன்னைக்குக் கேள்வியை நீங்க கேக்கலையே."

லோகாம்பாள் அப்போதுதான் அவர் காலைப் பார்த்தாள்.

"கால்ல என்ன சாமி?"

"மேகம் ஏறி வர்றதைப் பாத்தேன், உங்க ரெண்டு பேரையும் காணோம். தேடி வந்தேன். மேகத்துல வழி தப்பிருச்சு. நடந்து நடந்து மொட்டைப்பாறை விளிம்புக்கே போயிட்டேன். அடுத்த அடியை எங்க வைக்கறதுன்னு தெரியல."

"அய்யோ. அப்புறம்?"

"யாரோ லைன்ல இருங்கன்னு சொன்னாங்க. இருந்தேன்."

அடுப்பில் விறகு வெடித்தது.

"அந்தப் பேச்சைப் பிடிச்சுக்கிட்டே தவழ்ந்து மேல ஏறினேன். நல்லவேளை, சீக்கிரம் நிறுத்தலை நீங்க."

"எல்லாமா கேட்டுச்சு?"

"எல்லாம் கேட்டுச்சும்மா. ராங் நம்பர் வரைக்கும்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அதற்குள்ளிருந்தே கேட்டாள்.

"விதின்னு ஒண்ணு இருக்கே சாமி."

சாமி எட்டி அவள் மூட்டையை இழுத்தார். முடிச்சை அவிழ்த்தார். மேலே இருந்த கம்பளியை எடுத்து நாயின்மேல் போர்த்தினார்.

"இருக்கு. நாளைக்கு நீங்க இறங்கித்தான் ஆகணும். வளைவு வரைக்கும் இறங்குங்க. அங்க நின்னு கூப்பிட்டுட்டு ரெண்டு பேரும் ஏறி வாங்க. நாளைக்கும் மேகம் வரும்மா. யாராவது லைன்ல இருப்பாங்க."